ஒட்டிக் கொடுத்த கடிதம்

வசந்தாமணி அக்காவுக்கு இன்ஜினியர் ஆகும் ஆசை முப்பத்துமூன்று வயதில் வந்தது. அதற்கு முன்னால் வரவில்லையா என்று யாராவது கேட்டால், "வந்துச்சு, அப்போ என்னைய யாரும் கேக்கல" என்பாள். கோபிச்செட்டிபாளையத்தில் பி.எஸ்ஸி. கணிதம் முதல் வருடப் பரீட்சை வருவதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. கணவர் நஞ்சப்பனுக்கு ஹூஸ்டனில் ஓர் எரிவாயுக் கம்பெனியில் வேலை கிடைத்து, எண்பத்தாறில் டெக்ஸாஸ் வந்தார்கள். சுகர் லேண்டில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவர்களுடையது.

தொண்ணூற்று நாலு அக்டோபரில் பெய்த மழையில் எங்கள் தெருவில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. எல்லோரும் கார்ப்பெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். அக்கா மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் நின்று, எந்தச் சாக்கடை வாய் முதலில் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மறுவாரம் நகராட்சி ஆள் வந்தபோது, அந்த மூலைச் சாக்கடை ஏன் மேடாக இருக்கிறது என்று கேட்டாள். அதெல்லாம் இன்ஜினியரைத்தான் கேட்க வேண்டும் என்றான் அவன். "அந்த இன்ஜினியர் ஆகறதுக்கு என்ன படிக்கோணும்?" என்று அவனிடமே கேட்டுவிட்டாள். நான் அவள் பின்னால் நின்றிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்கு இல்லை.

அடுத்த ஜனவரியில் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தாள். அங்கே வயது கேட்பதில்லை. முதல் இரண்டு வருடப் பாடங்களை அங்கே முடித்துவிட்டு, மீதி இரண்டு வருடத்துக்குப் பெரிய யுனிவர்சிடிக்கு மாறிக்கொள்ளலாம். அதற்கு டிரான்ஸ்ஃபர் என்று பெயர். அவள் வீட்டையும் பார்த்துக்கொண்டு ஒரு தடவைக்கு இரண்டு பாடம் என்று எடுத்ததால் மூன்று வருடம் ஆனது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். காங்கேயத்துக்காரி. ஆங்கிலம் காதில் விழுந்தால் பெரும்பாலும் புரியும், வாயில் வராது. பள்ளி விட்டதும் நாலைந்து தமிழ்ப் பிள்ளைகளை என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். அக்காவின் மகள் வெண்பா அதில் ஒருத்தி. மூன்றேகாலுக்கு மஞ்சள் பஸ் விடும். ஆறு மணிக்கு அக்கா வந்தால் உடனே கிளம்ப மாட்டாள். நான் சப்பாத்தி தேய்க்கும் மேஜையின் மறுமுனையில் உட்கார்ந்து கணக்குப் போடுவாள். அழித்த ரப்பர் துகளை ஊதித் தள்ள மாட்டாள். மாவில் விழுந்துவிடும் என்று உள்ளங்கையில் கூட்டி எடுத்துக் குப்பையில் போடுவாள்.

"அம்மா இஸ் டூயிங் ஹோம்வொர்க் அண்ட் ஐ ஆம் டன்" என்று வெண்பா அவளைச் சீண்டுவாள்.

"உனக்கு ரெண்டு தாளு. எனக்கு இருபது. போடி" என்பாள் அக்கா.

நஞ்சப்பன் அண்ணனைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. விருந்தாளி வந்தால் அவரே பெருமையாகச் சொல்லுவார்: "எங்கூட்ல கால்குலஸ் மூணுலயும் ஏ. நமக்கெல்லாம் அது கனவுலகூட வராதுங்க." காலேஜ் பத்து நிமிட தூரத்தில் இருக்கிறவரை அவருக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

தொண்ணூற்றேழு கோடையில் எந்த யுனிவர்சிடிக்கு மாறுவது என்ற கேள்வி வந்தது. அக்கா நீல அட்டை நோட்டு ஒன்று போட்டாள். ஒவ்வொரு யுனிவர்சிடிக்கும் நாலு பக்கம். அவள் முடித்த பாடங்களில் எதை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், எதை மறுபடி படிக்கச் சொல்வார்கள், வகுப்புகள் எந்தெந்த நாளில், காரை எங்கே நிறுத்துவது, எத்தனை மணிக்குக் கிளம்பினால் ஃப்ரீவேயில் நெரிசல் இல்லை என்று எல்லாம் அதில் இருந்தது. கடைசியில் மூன்று வழிகள் மிஞ்சின. ஊருக்குள் இருக்கும் யுனிவர்சிடி முக்கால் மணி நேரம்; அங்கேயும் இன்ஜினியரிங் உண்டு. இன்னொன்று, மாலை வகுப்பில் கிடைக்கும் டெக்னாலஜி டிகிரி. பெயர் இன்ஜினியரிங் மாதிரியே இருக்கும், ஆனால் அதைப் படித்தவள் வரைபடத்தில் இன்ஜினியர் என்று கையெழுத்துப் போடுவது கடினம் என்று அவளுடைய கணித ஆசிரியர் டெல்கடோ சொல்லியிருந்தார். மூன்றாவது, இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்த பெரிய யுனிவர்சிடி. அங்கே ஆறு, வெள்ளம், வடிகால் இவற்றுக்கென்றே தனி ஆய்வுக்கூடம் இருந்தது.

ஆகஸ்டில் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அதைப் பார்க்கப் போனாள். வரவேற்பில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே, உங்கள் மகனா மகளா, யார் சேரப்போகிறார்கள் என்று என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டாள். "மீ" என்றாள் அக்கா. அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள். அக்கா வெளியே வந்து என் தோளில் சாய்ந்து சிரித்தாள்.

அந்தக் கூடத்தில் நீளமான கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு சின்னத் தடுப்பை வைத்து, தண்ணீர் எங்கே ஏறுகிறது, எங்கே விழுகிறது என்று இரண்டு பையன்கள் அளந்துகொண்டிருந்தார்கள். அக்கா அந்தக் கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. திரும்பும் வழியில் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டாள். செவ்வாய் காலை போவது. அங்கே ஒரு பெண்ணோடு அறை எடுத்துத் தங்குவது. வியாழன் சாயங்காலம் வந்துவிடுவது. அதுவரை வெண்பா என் வீட்டில்.

"பாத்துக்குவியா நாகு?"

"இதென்ன கேள்வி? அவ பாதி நாளு எங்கூட்லதான இருக்கறா."

"அப்போ சரி. உன்னைய நம்பித்தான் போறேன்."

விண்ணப்பத்தோடு இரண்டு சிபாரிசுக் கடிதங்கள் கேட்டிருந்தார்கள். உங்கள் படிப்பை நேரில் பார்த்தவர்கள் எழுதினால் நல்லது என்று அந்த அலுவலகத்தில் சொன்னார்கள். முதல் கடிதத்துக்கு டெல்கடோ. அவளுக்கு ஸ்டாட்டிக்ஸ் என்ற இன்ஜினியரிங் அடிப்படைப் பாடம் நடத்திய இன்னோர் ஆசிரியை, நானும் எழுதுகிறேன் என்று தானாகவே சொன்னார். அக்கா அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு சிவராமகிருஷ்ணன் சாரிடம் போனாள்.

சாருக்கு அறுபது வயது இருக்கும். டாக்டரேட் வாங்கியவர், பெரிய எண்ணெய்க் கம்பெனியில் தலைமை இன்ஜினியர். ஊரில் தமிழ்ச் சங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர். நம் ஆட்கள் வீடு வாங்குவதா, கிரீன் கார்டுக்கு எந்த வக்கீல், பையனை எந்தக் காலேஜில் போடுவது என்று எதுவானாலும் அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் செய்வார்கள். என் வீட்டுக்காரர் சேனாபதிக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

"அந்த டீச்சரம்மாதான் உங்க பாடத்தப் பாத்தவங்க. அவங்களே எழுதட்டுமே" என்று நான் சொன்னேன்.

"சாரைக் கேக்காம விட்டா மனசுல வெச்சுக்குவாரு நாகு. நாளைக்கு மொகத்துல முழிக்க வேண்டாமா? அதுவுமில்லாம அவ்வளவு பெரிய மனுஷன் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்குமல்ல?"

அது எனக்கும் சரியாகத்தான் பட்டது. நாங்கள் அப்படிப் பழகியவர்கள். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட யார் எழுதியது என்று பார்ப்பவர்கள்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை சங்கத்துக்கு முறுக்குச் சுட சார் வீட்டுக்குப் போயிருந்தேன். சாருடைய மனைவி மீனாக்ஷி ஆன்ட்டி எள் வாங்கக் கடைக்குப் போயிருந்தார்கள். நான் அடுப்பருகே தனியாக இருந்தேன். வாசலில் கார் சத்தம் கேட்டது. நஞ்சப்பன் அண்ணன் குரல். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் அரைச்சுவர்தான். நான் இருப்பது சாருக்குத் தெரியும். இருந்தாலும் மறந்திருப்பார், என்னை எல்லோரும் மறப்பார்கள்.

"நான் வேண்டாம்னா வீட்ல சண்டைதாங்க சார். வாரத்துல ரெண்டு நாளு வெளியூர்ல தங்கறதுங்கறா. ஊர்ல எங்கம்மாளுக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க? நீங்க சொன்னீங்கன்னா கேப்பா."

"நான் சொல்லி அவ மனசு ஏன் நோகணும் நஞ்சப்பன்? நானும் யோசிச்சேன். இந்த வயசுல எதுக்கு அவ்வளவு தூரம்? இங்கயே ஈவ்னிங்ல டெக்னாலஜி பண்ணட்டுமே. லெட்டர்ல நான் பாத்துக்கறேன்."

"கெடுதலா ஒண்ணும் எழுதிடாதீங்க சார்."

"சேச்சே. கெட்டிக்காரப் பொண்ணுன்னுதான் எழுதுவேன். குடும்பப் பொறுப்பு இருக்கு, பக்கத்துலயே படிக்கறதுதான் அவளுக்கும் இஷ்டம்னு ஒரு வரி. அவ்வளவுதான். காலேஜ்ல அவாளே புரிஞ்சுப்பா."

"அவளுக்குத் தெரியாதுங்களே?"

"ஒட்டிக் கொடுக்கறதுதானே. எப்படித் தெரியும்?"

இருவரும் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை. ஒரு வேலை சுலபமாக முடிந்ததற்கான சிரிப்பு. நான் பிழிந்துகொண்டிருந்த முறுக்கு பாதியில் நின்றது. எண்ணெய் காய்ந்து புகைந்தது. நஞ்சப்பன் அண்ணன் எட்டிப் பார்த்தார். "அட, நாகரத்தினமா! முறுக்கு வாசம் தெரு வரைக்கும் வருது" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து சேனாபதியிடம் சொன்னேன். "புருசன் பொண்டாட்டி விசயம். அதுல சார் வேற இருக்காரு. நீ வாயத் தொறக்காத" என்றார். அவர் சொன்னதனால்தான் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். எனக்கே வாய் வரவில்லை. ஒரே ஒரு வரிதானே, இவ்வளவு மதிப்பெண் வாங்கியவளை ஒரு வரிக்காகவா தள்ளுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அக்கா அந்த உறையை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். மடிப்பின் மேல் குறுக்காக சாருடைய கையெழுத்து. கடிதத்தைப் பார்க்கும் உரிமை எனக்கு வேண்டாம் என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டாம். அதில் கையெழுத்துப் போடுவதுதான் மரியாதை என்று சார் சொன்னாராம், போட்டுவிட்டாள்.

"மூலையில மஞ்சத் தடவலாமா நாகு? கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும், சிரிப்பானுங்களோ?" என்றாள். பிறகு தடவாமலே சாமி படத்துக்கு முன்னால் ஒரு வாரம் வைத்திருந்து, மற்ற காகிதங்களோடு சேர்த்து அனுப்பினாள். அந்த ஒரு வாரமும் அவள் வீட்டுக்குப் போனபோதெல்லாம் அந்த உறையைப் பார்த்தேன். தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

மார்ச் கடைசியில் பதில் வந்தது. இடமில்லை. உங்கள் தேவைக்கு வீட்டருகே உள்ள ஒரு திட்டம் பொருத்தமாக இருக்கும் என்று நம்புகிறோம் என்று ஒரு வரி. அக்கா அந்த வரியை நாலு தடவை படித்தாள். "வீட்டுக்குப் பக்கத்துலன்னு நான் எங்கயும் எழுதவே இல்லியே" என்றாள்.

மறுநாளே காரை எடுத்தாள். நானும் போனேன். அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி ஃபைலைத் திறந்து பார்த்தார். கடிதத்தைக் காட்ட விதி இல்லை என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, மெதுவாகச் சொன்னார். உங்கள் கணித ஆசிரியர் எழுதியது இந்த வருடம் நான் படித்த கடிதங்களிலேயே சிறந்த ஒன்று. ஆனால் இன்னொன்றில், குடும்பத்தின் காரணமாக நீங்கள் அருகிலேயே மாலை வகுப்பில் டெக்னாலஜி படிக்க விரும்புவதாகவும், அதை எங்களிடம் நேரில் சொல்லக் கூச்சப்படுவதாகவும் இருந்தது. உங்கள் விருப்பத்தை மதிப்பதாகத்தான் நாங்கள் நினைத்தோம்.

அக்காவின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. வேறு கடிதம் கொண்டுவந்தால் மறுபடி பார்ப்பீர்களா என்று மட்டும் கேட்டாள். மே முதல் வாரத்துக்குள் வந்தால் பார்க்கிறோம் என்றார்.

பாதி வழியில் பெட்ரோல் போட நிறுத்தினாள். போட்டு முடித்தும் காரில் ஏறவில்லை.

"சார் எதுக்கு நாகு அப்படி எழுதோணும்? நான் கூச்சப்படறேன்னு அவருக்கு யாரு சொன்னா?"

அப்போதுதான் சொன்னேன். அரைச்சுவர், நஞ்சப்பன் அண்ணன், லெட்டர்ல பாத்துக்கறேன், எல்லாம். ஒரு சொல் விடாமல் என் நினைவில் இருந்தது. அவள் கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டாள்.

"எப்போ கேட்ட?"

"தீபாவளிக்கு முன்னால."

"அந்தக் கவரு சாமி முன்னால ஒரு வாரம் இருந்துச்சே. நீ வந்து வந்து பாத்தியே."

"ஆமாங்க்கா."

"ஏறு" என்றாள்.

அன்று வீட்டில் அவர்களுக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து வெண்பா என் வீட்டுக்கு வரவில்லை. பள்ளியிலேயே ஆறு மணிவரை வைத்துக்கொள்ளும் வகுப்பில் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

சித்திரை வருடப் பிறப்புக்கு அடுத்து வந்த சனிக்கிழமை பள்ளிக்கூட அரங்கில் சங்கத்தின் விழாவை வைத்தார்கள். சாப்பாட்டு வரிசையில் எனக்கு நாலு ஆள் முன்னால் அக்கா, பக்கத்தில் நஞ்சப்பன் அண்ணன். சிவராமகிருஷ்ணன் சார் வழக்கம்போல ஒவ்வொருவரையும் தோளில் தட்டி விசாரித்துக்கொண்டு வந்தார்.

"நம்ம வசந்தாமணி! வர்ற ஆகஸ்ட்ல ஈவ்னிங் கோர்ஸ் சேரப்போறா. முப்பத்தாறு வயசுல! எல்லாரும் பாத்துக் கத்துக்கணும்" என்று அக்கம்பக்கம் கேட்கச் சொன்னார்.

"நான் எங்க சேரப்போறேன்னு உங்களுக்கு யாருங்க சார் சொன்னாங்க?" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை.

"இல்லம்மா, நஞ்சப்பன்தான்..."

"நான் நேர்ல சொல்லக் கூச்சப்படறேன்னு எழுதுனீங்களாமே. எனக்கு எந்தக் கூச்சமும் இல்லைங்க சார். இப்பச் சொல்றேன். நான் உங்ககிட்டக் கேட்டது என்னைப் பத்தி ஒரு கடுதாசி. நீங்க எழுதுனது எம் புருசன் கேட்ட கடுதாசி."

வரிசையில் எல்லோரும் தங்கள் தட்டைப் பார்த்தார்கள். கரண்டி பிடித்திருந்தவர் புளியோதரையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். சாருடைய முகம் சிவந்தது.

"உன் நல்லதுக்குத்தானேம்மா..."

"நல்லதுன்னா எங்கிட்டச் சொல்லிட்டே செஞ்சிருக்கலாமுங்க."

"வசந்தா, வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்" என்றார் நஞ்சப்பன் அண்ணன்.

"வீட்லதான் மூணு வருசமாப் பேசினோம். அப்போ நீங்க சரின்னுதான் சொன்னீங்க."

தட்டை மேஜையில் வைத்துவிட்டு வெண்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். பின்னால் யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. அவள் போனதும் ஒருவர், "பெரியவர்கிட்டப் பேசற பேச்சா இது?" என்றார். நாலு பேர் ஆமாம் என்றார்கள். அவர்களில் மூன்று பேரின் பிள்ளைகளுக்கு அக்கா சும்மா கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

ஸ்டாட்டிக்ஸ் ஆசிரியையின் கடிதம் மே முதல் வாரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. ஊருக்குள் இருக்கும் யுனிவர்சிடிக்கும் விண்ணப்பித்திருந்தாள். ஜூனில் இரண்டு இடத்திலும் கிடைத்துவிட்டது என்று சேனாபதி யாரோ சொல்லக் கேட்டு வந்து சொன்னார். கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. இரண்டரை மாதமாக அவள் வீட்டு வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவள், அன்று நேராகப் போய் மணியை அழுத்தினேன்.

அக்காதான் திறந்தாள். உட்காரச் சொன்னாள். மேஜையில் இரண்டு கடிதங்களும் இருந்தன. நீல நோட்டும் விரித்திருந்தது.

"பெரிய காலேஜே கெடச்சிருச்சாமா?" என்றேன்.

"கெடச்சிருச்சு."

"அப்போ போயிருங்க்கா. அந்தத் தண்ணித் தொட்டிகிட்டப் போயிருங்க. வெண்பாவ நான் பாத்துக்கறேன். செவ்வா, பொதன், வியாழன், மூணு நாளும். காசுகூட வேண்டாம்."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீ நல்லாத்தான் பாத்துக்குவ நாகு. சோறு போடுவ, தலை பின்னி உடுவ, காய்ச்சல் வந்தா பக்கத்துலயே உக்காந்திருப்ப. ஆனா அவளுக்கு ஏதோ ஒண்ணு தப்பா நடக்குதுன்னு வெய்யி. நீ பாத்திருப்ப. எங்கிட்டச் சொல்லமாட்ட. ரெண்டு மணி நேரம் தள்ளி உக்காந்துட்டு நான் என்ன பண்ணுவேன்?"

"இனிமே அப்படி..." என்று ஆரம்பித்தேன்.

"அவரு அவரோட சௌகரியத்துக்குப் பண்ணினாரு. சாரு பெரிய மனுஷத்தனத்துக்குப் பண்ணினாரு. அது ரெண்டும் எனக்குப் புரியுது. நீ எதுக்குன்னுதான் எனக்கு இன்னும் புரியல."

மாடியிலிருந்து வெண்பா இறங்கி வந்தாள். என்னைப் பார்த்ததும், "ஹாய் ஆன்ட்டி!" என்று ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இரண்டரை மாதத்தில் அவளுக்கு முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

"ஷூ போடு. நேரமாச்சு" என்றாள் அக்கா. நோட்டில் பெரிய யுனிவர்சிடிக்கான நாலு பக்கத்தையும் ஒன்றாகப் பிடித்து மடித்துவிட்டாள். கிழிக்கவில்லை. ஊருக்குள் இருக்கும் யுனிவர்சிடியின் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அங்கே பணம் கட்டி இடத்தை உறுதி செய்ய அன்றுதான் கடைசி நாளாம்.

மூவரும் சேர்ந்தே வெளியே வந்தோம். அவள் காரைப் பின்னால் எடுக்கும்போது வெண்பா ஜன்னலிலிருந்து கையசைத்தாள். அக்கா இருபுறமும் பார்த்துக் கவனமாகத் தெருவில் இறங்கி, ஃப்ரீவே பக்கம் திரும்பினாள்.